முதலாளி இல்லாத தொழிலாளிக்கு வைத்தியம் யார் தருவது?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய அரசியல் வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இன்று பஞ்சப்படிக் கணக்கைப் பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்திருந்தோம். ஆனால் உள்ளே நுழையும்போதே ஒரு தோழர் வாசலில் நம்மை மறித்துக்கொண்டார். முப்பது வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் உழைக்கிறவர். அவர் கேட்ட கேள்வி பஞ்சப்படியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

"தோழரே, எங்க பையன் தொழிலாளியா, முதலாளியா? எனக்கே விளங்கல. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

விஷயம் இதுதான். பையன் படித்தவன். கம்ப்யூட்டரில் படம் போடுகிறான். சரக்குப் பெட்டிக்கு லேபிள், கடைக்கு விளம்பரம், இப்படி. இன்று பம்பாய்க் கம்பெனிக்கு வேலை, நாளை அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை. மேஸ்திரி இல்லை, சங்கு இல்லை, வருகைப் பதிவு இல்லை. வீட்டில் இடமும் இல்லை, தடையில்லாத கரண்டும் இல்லை. ஆகவே பட்டணத்தில் ஒரு கட்டடத்தில் ஒரு நாற்காலியும் ஒரு மேஜையும் மாத வாடகைக்கு எடுத்திருக்கிறான். "நான் யாருக்கும் கைகட்டி நிற்கல அப்பா" என்று பெருமையாகச் சொல்வானாம்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு டெங்கு கண்டது. எட்டு நாள் தனியார் ஆஸ்பத்திரி. வயது வந்து சம்பாதிக்கிற பையனுக்கு அப்பாவின் ஈ.எஸ்.ஐ. கார்டு செல்லாது. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. எட்டு நாள் வேலை செய்யாததால் எட்டு நாள் வருமானமும் இல்லை. போதாக்குறைக்கு, சொன்ன தேதியில் வேலை வரவில்லை என்று ஒரு கம்பெனி அவனை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த விவசாயத் தொழிலாளி அம்மா ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார். "அந்தத் தம்பி எங்க கணக்குலதான் வருது. எங்களுக்கும் தினம் ஒரு முதலாளிதானே! நாத்து நட்டா ஒருத்தர், களை எடுத்தா ஒருத்தர், அறுப்புக்கு ஒருத்தர். காய்ச்சல் வந்தா மட்டும் ஒருத்தரும் இல்ல" என்றார்.

தோழர்களே, இன்றைய வகுப்பின் சாரத்தை அந்த அம்மா இரண்டே வரியில் சொல்லிவிட்டார். மீதியை நாம் விரித்துப் பேசுவோம்.

பழைய சங்கதிக்குப் புதுப் பெயர்

'சுயேச்சைத் தொழிலாளி', 'கூட்டாளி', 'சுயதொழில் செய்பவர்'. இந்தப் பெயர்களெல்லாம் கேட்பதற்கு இனிமையானவை. சோற்றுப் பொட்டலத்தைச் சுமந்து மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளைஞனைக் கம்பெனி 'பார்ட்னர்' என்று கூப்பிடுகிறது. பார்ட்னர் என்றால் லாபத்தில் பங்கு இருக்க வேண்டும். இவனுக்குப் பெட்ரோல் செலவில் மட்டும்தான் முழுப் பங்கு!

இவர்கள் எத்தனை பேர்? 2022-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை, இந்த மாதிரித் துண்டு வேலைத் தொழிலாளர் 2020-21-ல் 77 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. 2029-30-ல் அது 2 கோடியே 35 லட்சம் ஆகும் என்றும் மதிப்பிட்டது. இது சிறு கூட்டமல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஆலை வாசலில் ஆள் எடுப்பது குறையக் குறைய, பிள்ளைகள் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள்.

கம்பெனிகளுக்கு இந்தப் பெயரில் ஏன் இவ்வளவு ஆசை? 'தொழிலாளி' என்று ஒப்புக்கொண்டால் சட்டம் பின்னாலேயே வரும். வைத்தியம், சேமநல நிதி, பணிக்கொடை, லீவு, விபத்து நஷ்ட ஈடு எல்லாம் வரும். 'சுயேச்சையானவர்' என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அத்தனையும் மிச்சம். பிரிட்டனில் ஊபர் டாக்ஸி ஓட்டுநர்கள் இந்தப் பெயர் மாறாட்டத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் வழக்காடினார்கள். 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நீங்கள் தொழிலாளரே என்று தீர்ப்புச் சொன்னது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அல்ல, கட்டணத்தையும் வேலை நிபந்தனையையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையே நீதிமன்றம் பார்த்தது. நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நூற்றுக்கு மூன்றே கால்

ஆலைத் தோழர்களே! நம் கையில் இருப்பதன் அருமை நமக்கே சில சமயம் தெரிவதில்லை. ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் கூட்டம், மருந்து இல்லை, டாக்டர் வரவில்லை என்று நாம் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் அதன் ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. 1955-ல் கோவைக்கு வந்தது. 2019 ஜூலையில் நிர்ணயித்த கணக்குப்படி, நூறு ரூபாய் கூலிக்குத் தொழிலாளி 75 காசு கட்டுகிறான், முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். மாதம் 20,000 ரூபாய் வாங்குகிறவன் 150 ரூபாய் கட்டினால், முதலாளி 650 ரூபாய் கட்டியாக வேண்டும்.

இதற்கு என்ன கிடைக்கிறது? தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். சாதாரண இருமல் மாத்திரையிலிருந்து ஆபரேஷன் வரை. அது மட்டுமா? நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கையில் வருகிறது. இந்த இரண்டாவது விஷயத்தை மறக்காதீர்கள். நோய் உழைப்பாளியை இரண்டு கையாலும் அடிக்கிறது. ஒரு கை ஆஸ்பத்திரிச் செலவு. மறு கை கூலி நஷ்டம். ஈ.எஸ்.ஐ. இரண்டையும் தடுக்கிறது. வெறும் இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பத்திரம் முதல் அடியைத்தான் தடுக்கும். அதையும் ஆயிரம் நிபந்தனையோடுதான் தடுக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. பத்துப் பேராவது வேலை செய்கிற இடமாக இருக்க வேண்டும். 2017-ல் வைத்த வரம்புப்படி சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளி என்று ஒருவர் இருக்க வேண்டும். லேபிள் போடுகிற பையனுக்கும் நாற்று நடுகிற அம்மாவுக்கும் அந்த மூன்றே கால் ரூபாயைக் கட்ட ஆள் யார்? இதுதான் முடிச்சு.

நமக்கும் அந்தக் கார்டு கிடையாது, தோழர்களே. கட்சியின் முழுநேர ஊழியனுக்கு ஈ.எஸ்.ஐ. ஏது! சில வருஷம் முன்பு மஞ்சள் காமாலையில் விழுந்தபோது, ஆலைத் தோழர்கள் கேட்டில் துண்டை விரித்து வசூல் செய்து நம்மைப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் கடன் நம்மால் தீராது. ஆனால் அன்றே ஒன்று தோன்றியது. தெரிந்த முகத்துக்குத் துண்டு விரியும். தெரியாத முகத்துக்கு யார் விரிப்பார்கள்? துண்டு வசூல் ஒரு மனிதனைக் காப்பாற்றும், ஒரு வர்க்கத்தைக் காப்பாற்றாது.

கூரை போனால் சங்கமும் போகும்

இப்போது இடத்தைப் பற்றிப் பேசுவோம். வேலை செய்ய ஒரு பொது இடம் என்பது நிழலும் நாற்காலியும் மட்டும்தானா?

பீடித் தொழிலைப் பாருங்கள். ஒரு கொட்டகையில் நூறு பேர் உட்கார்ந்து சுற்றினால், நூறு பேரும் பேசுவார்கள். கூலி எவ்வளவு, தரம் சரியில்லை என்று எத்தனை பீடியைக் கழித்தான், இலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தான் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சங்கம் அங்கே பிறக்கும். கண்ணூர்ப் பக்கத்துக் கொட்டகைகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒருவர் உரக்கப் பத்திரிகை படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிக்கிறவருக்கு வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. வேலை நேரம், லீவு, கொட்டகை வசதி எல்லாம் அதில் இருந்தன. முதலாளிகள் என்ன செய்தார்கள்? பல ஊர்களில் கொட்டகையை மூடிவிட்டு, இலையையும் தூளையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலிச் சீமையில் பெண்கள் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்களே, அது அவர்கள் சுதந்திரமாகத் தேடிக்கொண்ட வேலைமுறை அல்ல. கொட்டகை வாடகை முதலாளிக்கு மிச்சம். விளக்குச் செலவு மிச்சம். சங்கத் தொல்லையும் மிச்சம். புகையிலைத் தூள் மட்டும் தொட்டில் குழந்தையின் மூச்சுவரை போயிற்று.

கம்ப்யூட்டர் வேலையை வீட்டுக்கு அனுப்புவதும் இதே வித்தைதான், தோழர்களே. முறத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.

கண்ணூர் சொல்லும் பாடம்

1968-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். மந்திரி சபை அந்தச் சட்டத்தை அமலாக்க முனைந்தது. உடனே மங்களூர் பீடி முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் கடையைக் கட்டினார்கள். சுமார் 12,000 பேர் தெருவில் நின்றார்கள்.

அவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடி கூட்டுறவு ஸ்தாபனம் பதிவாயிற்று. சர்க்கார் கடன் கொடுத்தது. சுமார் மூவாயிரம் பேரோடு ஆரம்பித்த வேலை, பிற்பாடு நாற்பதாயிரம் பேர் வரை வளர்ந்தது. ஊருக்கு ஊர் பெரிய கொட்டகை. வெளிச்சம், காற்று, தண்ணீர். பத்திரிகை வாசிப்பு அங்கேயும் தொடர்ந்தது. சேமநல நிதி, போனஸ், சம்பளத்தோடு லீவு, பிரசவ உதவி எல்லாம் கிடைத்தன. முதலாளி இல்லாமல் போனார். முதலாளி தர மறுத்தது எல்லாம் வந்தது!

பீடி நல்ல சரக்கு என்று நாம் வாதாடவில்லை. பீடி குடிப்பது குறைந்தபோது தினேஷும் சுருங்கிற்று. 1990-களின் கடைசியிலிருந்து தேங்காய்ப் பால், மசாலாப் பொடி, குடை, கம்ப்யூட்டர் வேலை என்று தொழிலை மாற்றிக்கொண்டார்கள். கூட்டாக இருந்ததால்தான் மாற முடிந்தது. தனித்தனியே முறத்தோடு உட்கார்ந்திருந்தால் யார் மாற்றுத் தொழில் கொடுத்திருப்பார்கள்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். பீடித் தொழிலாளரின் ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்காக 1976-ல் மத்திய சர்க்கார் பீடி மீது தனித் தீர்வை விதித்து ஒரு நலநிதி அமைத்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் அந்த நிதியில் வைத்தியம் உண்டு. முதலாளி யார் என்று தேடித் திரியாமல், சரக்கின் மீதே வசூல் செய்தார்கள். நல்ல யோசனை. ஆனால் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வையை ஒரே வெட்டாக நீக்கிவிட்டார்கள். வரும்படி போனதும், ஒவ்வொரு வருஷமும் சர்க்கார் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவார்கள் என்று வாயைப் பார்க்க வேண்டிய நிலை. நிதி அமைப்பது ஒரு போராட்டம், அதைக் காப்பது மறு போராட்டம்.

நாற்காலி வாடகை சாம்ராஜ்யம்

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 'கோ-ஒர்க்கிங்' என்ற பொது வேலைக்கூடம் 2005-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு இளம் கம்ப்யூட்டர் தொழிலாளியின் முயற்சியில் துளிர்த்தது. தனியாக வீட்டில் உட்கார்ந்து வேலை செய்ய அலுத்துப்போனவர்கள் ஒரு கூடத்தில் கூடினால் என்ன என்பதுதான் எண்ணம். மனிதன் தனியே உழைக்கப் பிறந்தவனல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த எண்ணத்தை மூலதனம் மோப்பம் பிடித்தது. 2010-ல் நியூயார்க்கில் வீ-ஒர்க் என்ற கம்பெனி கிளம்பியது. கட்டடத்தை வருஷக்கணக்கில் குத்தகைக்கு எடுப்பது, நாற்காலி நாற்காலியாக மாத வாடகைக்கு விடுவது. நம் ஊரில் மொத்தக் குத்தகை எடுத்துச் சில்லறையாக விடுகிற இடைத்தரகர் வேலைதான், கண்ணாடிச் சுவரோடு! 2019 ஜனவரியில் இந்தக் கம்பெனிக்கு 4,700 கோடி டாலர் மதிப்புப் போட்டார்கள். அதே வருஷம் பங்கு விற்கப் போனபோது கணக்கு வெளியே வந்தது. நஷ்டம்! மதிப்பு சரிந்தது. நிறுவனர் பதவியை விட்டு விலக 170 கோடி டாலர் வரை பெறும் ஏற்பாட்டோடு வெளியேறுகிறார் என்று செய்தி வந்தது. அதே நவம்பரில் 2,400 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023 நவம்பரில் கம்பெனி திவால் மனுப் போட்டது.

பொது இடம் என்பது நல்ல விஷயம். அதன் சாவி யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

நியூயார்க் தொழிலாளர் செய்த பரீட்சை

அமெரிக்காவில் வைத்தியம் வேலையோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. 1942-ல் யுத்த காலத்தில் சர்க்கார் சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் பிடிப்பதற்காகக் கம்பெனிகள் ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கின. அது அப்படியே வேரூன்றிவிட்டது. ஆகவே வேலை போனால் வைத்தியமும் போகும். சுயேச்சைத் தொழிலாளிக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை. உலகத்திலேயே பெரிய பணக்கார நாட்டில், 2023-ல் கூட சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்கு எந்த இன்ஷூரன்ஸும் இல்லை.

சாரா ஹொரோவிட்ஸ் என்ற பெண் தொழிலாளர் வழக்கறிஞர். அவருடைய தாத்தா, தையல் தொழிலாளர்களின் பெரிய சங்கத்தில் உதவித் தலைவராக இருந்தவர். அந்தச் சங்கம் நூறு வருஷத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்குச் சொந்த மருத்துவ நிலையம் நடத்தியது. பேத்திக்கு வந்த கதியைப் பாருங்கள். அவர் சேர்ந்த வழக்கறிஞர் அலுவலகமே அவரைச் சுயேச்சைக் காண்டிராக்டர் என்று பதிந்து, வைத்திய வசதி இல்லை என்றது! 1995-ல் அவர் ஒரு ஸ்தாபனம் தொடங்கினார். அதிலிருந்து 'பிரீலான்சர்ஸ் யூனியன்' வளர்ந்தது. எழுத்தாளர், படம் போடுவோர், கம்ப்யூட்டர் வேலை செய்வோர், தாதியர் எல்லோரும் சேர்ந்தார்கள்.

தனியாளாக இன்ஷூரன்ஸ் வாங்கப் போனால் கம்பெனி சொன்னதுதான் விலை. கூட்டமாகப் போனால் பேரம் பேசலாம். ஒரு படி மேலே போய், 2008-ல் அவர்கள் சொந்தமாகவே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி அமைத்தார்கள். சுமார் 25,000 பேர் அதில் பாதுகாப்புப் பெற்றார்கள். 2012-ல் புரூக்ளினில் ஒரு கிளினிக் திறந்தார்கள். அந்த இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் ஒவ்வொரு தடவையும் கைக்காசு எடுத்து வைக்காமல் டாக்டரைப் பார்க்கலாம்.

இது எத்தனை நாள் நடந்தது? 2014 கடைசியோடு இன்ஷூரன்ஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஒபாமா காலத்துச் சட்டம் அமலாகிய பிறகு விதிகள் மாறின. தனியாட்களை ஒரே குழுவாகக் கணக்கிட நியூயார்க் மாநிலம் தந்திருந்த விலக்கும் முடிந்தது. பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு ஒரு சின்ன சங்கம் சந்தையில் போட்டி போட்டு எத்தனை நாள் நிற்கும்?

இன்னொரு விலங்கும் அங்கே உண்டு. சுயேச்சையானவர்கள் கூடி 'இந்த ரேட்டுக்குக் குறைந்து வேலை செய்யமாட்டோம்' என்று தீர்மானித்தால், அதை வியாபாரிகள் விலையைக் கூட்டச் செய்யும் சதி என்று கருதி, ஏகபோகத் தடைச் சட்டம் பாயும். முதலாளி என்று பெயர் வைத்துவிட்டு, கூலி பேசும் உரிமையையும் பறித்துக்கொண்டார்கள்.

அப்படியும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2016-ல் நியூயார்க் நகரத்தில் போராடி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 800 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் வேலை முடிந்து 30 நாளில் கூலி தரவேண்டும் என்றது சட்டம். 2024-ல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. 2018-ல் நகர நிர்வாகத்தின் உதவியோடு புரூக்ளினில் சுயேச்சைத் தொழிலாளருக்கு வாடகையில்லாத வேலைக்கூடம் திறந்தார்கள். அங்கேயே சட்ட ஆலோசனை, வரிக் கணக்கு உதவி. வீ-ஒர்க் கூடத்தையும் இந்தக் கூடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நாற்காலியை விற்றது. மற்றது தொழிலாளியை உட்காரவைத்து அவன் உரிமையைச் சொல்லிக் கொடுத்தது.

ஒரு சுரங்க ஊர்

சிறிய சங்கம் தன் காசில் வைத்தியம் நடத்துவது வீண் என்றா சொல்ல வருகிறோம்? இல்லை. வேல்ஸ் நாட்டில் டிரெடிகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே தொழிலாளர்கள் கூலியில் சிறு பங்கு கொடுத்து மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டர், மருந்து, மூக்குக் கண்ணாடி, பல் வைத்தியம் வரை. ஊரில் பெரும்பாலோர் அதன் கீழ் வந்தார்கள்.

அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, தானும் சிறுவயதில் சுரங்கத்தில் இறங்கி, அங்கேயே ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்து பழகியவர் அனூரின் பெவன். யுத்தத்துக்குப் பின் அவர் சுகாதார மந்திரி ஆனார். 1948 ஜூலை 5-ல் பிரிட்டன் முழுவதற்கும் தேசிய மருத்துவப் பணி தொடங்கிற்று. வேலை உள்ளவனா, இல்லாதவனா, முதலாளி யார் என்ற கேள்வியே கிடையாது. நோயாளியா? வா, வைத்தியம் பார்க்கிறோம். செலவு பெரும்பாலும் பொது வரியிலிருந்து.

நியூயார்க் பரீட்சைக்கும் டிரெடிகர் பரீட்சைக்கும் என்ன வித்தியாசம்? முதலாவது சந்தையோடு போட்டி போட்டது, சந்தை விழுங்கியது. இரண்டாவது அரசியல் பலமாக மாறியது, சந்தையைத் தாண்டிச் சென்றது. ஊர்ச் சங்கம் விதை நெல் மாதிரி. விதை நெல்லையே சமைத்து எத்தனை நாள் சாப்பிட முடியும்? அதை வயலில் இறக்க வேண்டும்.

நம் நாட்டு நிலை

இங்கே என்ன நடக்கிறது? ஏழைக் குடும்பங்களுக்கு ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் 2009-ல் தமிழ்நாட்டில் வந்தது. 2018-ல் மத்திய சர்க்கார் திட்டம் வந்தது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. பெரிய ஆபரேஷனுக்கு இது உதவுகிறது, மறுக்கவில்லை. கார்டு எடுக்காத தோழர்கள் உடனே எடுங்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் இந்தப் பணம் வரும். தினம் விழுங்கும் சர்க்கரை மாத்திரைக்கு வராது. போன கூலிக்கு வராது. ஏழையின் பணம் கரைவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

2020-ல் பார்லிமெண்டில் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. தொழிலாளர் உரிமையைக் குறைக்கும் நான்கு தொகுப்புகளில் இதுவும் ஒன்று என்று சங்கங்கள் எதிர்க்கின்றன. இதில் முதல் தடவையாகத் துண்டு வேலைத் தொழிலாளி என்ற பெயர் சட்டத்தில் ஏறியிருக்கிறது. செயலி நடத்தும் கம்பெனிகள் வருஷ வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நிதிக்குத் தரவேண்டும். ஆனால் தொழிலாளருக்குக் கொடுத்த தொகையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஐந்துக்குள்ளேயே வைத்தியம், விபத்து, பிரசவம், முதுமை எல்லாம் அடங்க வேண்டும். ஆலை முதலாளியோ ஈ.எஸ்.ஐ.க்கு மூன்றே கால், சேமநல நிதிக்கு வேறு, பணிக்கொடைக்கு வேறு தருகிறார். மேலும் ஈ.எஸ்.ஐ.யில் இன்ன நோய்க்கு இவ்வளவு என்பது உரிமை. இங்கே சர்க்கார் திட்டம் போட்டால் உண்டு. செயலி எதுவும் இல்லாமல் வெளிநாட்டுக்கு நேராக வேலை செய்யும் நம் தோழரின் பையனுக்காக யாரிடம் வசூலிப்பது? அதற்குப் பதில் இல்லை.

ஆனால் இதே சட்டத்தின் 45-வது பிரிவை நன்றாக நினைவில் வையுங்கள். அமைப்புசாராத் தொழிலாளருக்கும் துண்டு வேலைத் தொழிலாளருக்கும் ஈ.எஸ்.ஐ. வசதியை நீட்டிக்க மத்திய சர்க்கார் திட்டம் போடலாம் என்று அதில் இருக்கிறது. 'போடலாம்' என்பதைப் 'போடு' என்று மாற்றுவது நம் வேலை.

மாநிலங்களும் அசைந்திருக்கின்றன. ராஜஸ்தான் 2023-ல் சட்டம் போட்டது. கர்நாடகம் 2025-ல் போட்டது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நலவாரியம் அமைத்தார்கள். 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில், டெலிவரி செய்யும் இளைஞர்களுக்காகக் குளிர்சாதன ஓய்வறை ஒன்று திறந்தது. வெயிலில் மரத்தடியைத் தேடி நின்றவனுக்கு உட்கார ஓர் இடம், தண்ணீர், கழிப்பிடம். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேரும் பேசுவார்கள்.

நாம் செய்ய வேண்டியது

நம் தவறையும் ஒப்புக்கொள்வோம். ஆலை கேட்டில் நாம் கொடி ஏற்றினோம். கேட் இல்லாத தொழிலாளியை எங்கே சந்திப்பது என்று தெரியாமல் நின்றோம். "அவன் படித்தவன், அவனுக்கென்ன" என்று சிலர் விட்டுவிட்டோம். வீட்டில் பீடி சுற்றிய பெண்களிடம் போக நமக்கு எத்தனை வருஷம் பிடித்தது! அதே தாமதம் இப்போதும் கூடாது.

கோரிக்கை மூன்று. முதலாவது, வேலையை வாங்குகிறவன் எவனானாலும், அந்தக் கூலியோடு வைத்தியப் பங்கையும் சேர்த்துக் கட்டவேண்டும். அது உரிமையாக ஈ.எஸ்.ஐ.யில் சேரவேண்டும். நாற்று நடும் அம்மாவுக்கும் இதே நியாயம்தான். தினம் ஒரு முதலாளி இருந்தால் தினம் ஒருவரின் பங்கு. கட்டமுடியாத சிறு விவசாயிக்காகச் சர்க்கார் கட்டட்டும். இரண்டாவது, ஊராட்சியும் நகராட்சியும் வேலைக்கூடம் அமைக்கட்டும். மேஜை, கரண்டு, தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பிடம், பிள்ளைத் தொட்டில். பீடி சுற்றுகிறவளும் கம்ப்யூட்டர் தட்டுகிறவனும் ஒரே கூரையில் உட்காரட்டும். மூன்றாவது, சர்க்கார் ஆஸ்பத்திரியைப் பலப்படுத்த வேண்டும். எந்தக் கார்டும் இல்லாதவனுக்கு அதுதான் கடைசி வாசல். அந்த வாசல் சாத்தப்பட்டால் கார்டு வைத்திருப்பவனுக்கும் தனியார் ஆஸ்பத்திரி சொன்னதே விலை.

ஆலைத் தோழர்கள் கேட்கலாம், "எங்களுக்குத்தான் கார்டு இருக்கிறதே" என்று. கார்டு எத்தனை நாள்? நிரந்தரத் தொழிலாளி ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் காண்டிராக்ட் ஆள் வருகிறார். காண்டிராக்ட் ஆளுக்குப் பதில் நாளை 'சுயேச்சை' ஆள் வருவார். வெளியே நிற்பவனுக்கு உரிமை இல்லாதவரை, உள்ளே இருப்பவனின் உரிமைக்கும் ஆயுசு இல்லை.

இனி அந்தத் தோழரின் கேள்விக்கு வருவோம். உங்கள் பையன் தொழிலாளிதான், தோழரே. தன் உழைப்பை விற்றுச் சாப்பிடுகிறான், விலையை வேறொருவன் தீர்மானிக்கிறான். நாற்காலிக்கு வாடகை கொடுப்பதால் அவன் முதலாளி ஆகிவிடவில்லை. அரிவாள் சொந்தம் என்பதால் அறுப்பு அறுக்கிறவர் மிராசுதார் ஆகிவிட்டாரா?

நம் சங்க ஆபீஸ் மாலை ஆறு மணிக்கு மேல்தான் கலகலக்கிறது. பகலில் மின்விசிறியும் மேஜையும் சும்மாதான் இருக்கின்றன. அடுத்த திங்கள்கிழமை முதல் பகலிலும் திறந்து வைப்பதென்று கமிட்டியில் பேசி முடித்திருக்கிறோம். உங்கள் பையனை வரச் சொல்லுங்கள். நாற்காலிக்கு வாடகை இல்லை. அவனைப்போல் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வரட்டும். முதல் நாள் கூலிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்கிருந்து மற்றதெல்லாம் ஆரம்பமாகும்.

பஞ்சப்படிக் கணக்கை அடுத்த வகுப்பில் பார்ப்போம், தோழர்களே.